வெட்டிய பதினாறு வரி

ஹாலிஎல,
17.08.2025

அன்புள்ள நண்பன் ரமணனுக்கு,

றுஷாந்தன் எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் சஜீவனியும் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகம். பதுளையில் உன் அம்மாவையும் தங்கச்சி கம்சலாவையும் போன வியாழக்கிழமை உங்கள் கடையில் பார்த்தேன். அவர்களும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

காகிதத்தில் கடிதம் வந்ததைப் பார்த்து நீ பயந்திருப்பாய். கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. எனக்குத் தொண்டையில் ஒரு சின்ன ஒப்பரேஷன் நடந்தது. குரல் நாணில் இரண்டு முடிச்சு இருந்ததாம். இருபது வருடமாக மேடையில் மூச்சு விடாமல் கத்தியதற்குக் கிடைத்தது அது. மூன்று வாரம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று பன்னிரண்டாம் நாள். ஓட்டோ வழக்கம்போல ஓடுகிறது. எல்ல ஸ்டேஷனில் இறங்குகிற வெள்ளைக்காரர்களுக்குப் பேசாத டிரைவரைப் பிடித்திருக்கிறது போல. முன்பைவிட ஹயர் கூடுதலாகக் கிடைக்கிறது.

இதை வாட்ஸ்அப்பில் தட்டியே அனுப்பியிருக்கலாம். நான்கு முறை தட்டினேன், நான்கு முறையும் அழித்தேன். அதில் நீ வாசித்துவிட்டாய் என்பது எனக்குத் தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் நாள் முழுக்க அந்த இரண்டு நீலக் குறியையே பார்த்துக்கொண்டிருப்பேன். கடிதம் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஜனவரிக் கடைசியில் எல்லயில் இளம் பிள்ளைகள் சேர்ந்து ஒரு இசை நிகழ்ச்சி வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். பின்னேரம் நான்கு மணிக்கு மேடையேற்றி, “மலையகத்தின் மூத்த ராப் கலைஞர்” என்று அறிவித்தார்கள். நாற்பத்து மூன்று வயதில் மூத்தவனாகிவிட்டேன். நம்முடைய “பெரட்டுக்கு லேட்டு” பாட்டைத்தான் எடுத்தேன். நீ பதுளைக் கடைக்குப் பின்னால், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில், அந்தப் பழைய கம்பியூட்டரில் செய்த அதே பீட். விடிகாலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க மலையேறி ஓடுகிற ஆளின் மூச்சு வாங்கலை நான் அதே வேகத்தில் கொட்டினேன். முன்பெல்லாம் முதல் வரிக்கே கூட்டம் துள்ளும். அன்றைக்கு ஒரு நிமிடம் போன்களைத் தூக்கிப் பிடித்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக இறக்கினார்கள். யாரும் கூச்சல் போடவில்லை, எழுந்து போகவும் இல்லை. மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. இறங்கி வந்தபோது ஒரு பெண் பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னாள்: “அங்கிள், செம ஸ்பீட். ஆனா ஒண்ணுமே வெளங்கல.”

அதற்குப் பிறகு நான் செய்த கூத்தையும் கேள். பண்டாரவளையில் தாஸிம் என்று இருபத்தாறு வயதில் ஒரு கெட்டிக்காரன் இருக்கிறான். அவன் மாமாவின் டயர் கடைக்கு மேலே ஒரு அறையில் மெத்தைகளைச் சுவரோடு சாய்த்து வைத்து ரெக்கோர்டிங் செய்கிறான். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் அவனிடம்தான் போகிறார்கள். நானும் போனேன். இப்போது ஓடுகிற மாதிரியே ஒன்று செய்துகொடு என்றேன். குரலை இழுத்து வளைக்கிற அந்த மென்பொருளைப் போட்டான். பாட்டில் கறுப்புக் கண்ணாடி போட்ட கார், கடற்கரை, ஒரு பெண் எல்லாம் வந்தன. என்னிடம் இருப்பதோ மூன்று சக்கரம், அதிலும் ஒன்று தேய்ந்துபோனது. வீட்டுக்கு வந்து போட்டேன். சஜீவனி சமைத்தபடியே கேட்டுவிட்டு, “யாருங்க இது, நல்லா பாடுறாரே” என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. இணையத்தில் ஏற்றியிருந்த அந்தப் பாட்டை இரண்டு நாளில் எடுத்துவிட்டேன்.

தொண்டையும் அந்த நாட்களில்தான் கட்ட ஆரம்பித்தது. நான்கு வரிக்கு மேல் வேகமாகப் போனால் குரல் உடைந்தது. தாஸிம் என்னை உட்கார வைத்துச் சொன்னான்: “அண்ணே, வேகத்த விட்டுருங்க. இப்ப யாரும் அதுக்கு வர்றதில்ல. காதுக்குப் பக்கத்துல வந்து பேசுற மாதிரிதான் கேக்குறாங்க. நீங்க பாடவே வேணாம், பேசுங்க.” சொல்வது சுலபம். நான் மெதுவாகச் சொன்னால் அது கோயில் பிரசங்கம் மாதிரி வந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இடம் விட எனக்குத் தெரியாது. சும்மா இருந்தால் கூட்டம் போய்விடும் என்ற பயத்திலேயே இருபது வருடம் பாடியவன் நான்.

இனித்தான் உனக்கு எழுத வேண்டியது வருகிறது.

மார்ச் மாதம் ஒரு நாள், நான் தாஸிமின் அறையில் எழுதியதைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது நிஷாந்தினி என்ற பிள்ளை வந்தது. அப்புத்தளைப் பக்கம் பாலர் பள்ளி டீச்சர். சொந்தமாக எழுதி ராப் செய்கிறாள். என்னைக் கண்டதும், “உங்க பழைய பெரட்டுப் பாட்டுல ரெண்டாவது ஆள் பேசுற எடம் எனக்கு மனப்பாடம் அண்ணே” என்றாள். ரேடியோவில் வந்த பாட்டில் இரண்டாவது ஆளே இல்லையே என்று நான் யோசிப்பதற்குள் சொல்லிக் காட்டினாள்:

பேரு கேட்டாங்க. சொன்னேன்.
ஊரு கேட்டாங்க. சொன்னேன்.
பேரத் திருப்பிக் கேட்டாங்க. திருப்பிச் சொன்னேன்.
மூணாவது தடவ கேட்டப்ப
எனக்கே சந்தேகம், நான்தானா அது.

பதினாறு வரியையும் விடாமல் சொன்னாள். நாம் நூறு சீடி பதிந்து பதுளை பஸ் ஸ்டேண்டில் விற்றோமே, அதில் ஒன்றை அவள் அண்ணன் வாங்கி வைத்திருக்கிறான். கடைக்குப் பின்னால் நாம் செய்த, நீயும் பேசிய முதல் பதிவு அதில் இருக்கிறது. தாஸிம் நாற்காலியைத் திருப்பி, “இதுதான் அண்ணே நான் சொன்னது. யாரோடது இது?” என்று கேட்டான். பழைய ஒன்று என்று சொன்னேன். அவர் இப்போது எங்கே என்று அந்தப் பிள்ளை கேட்டது. வெளிநாட்டில் என்று சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, ரமணன். ஏன் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

அன்றைக்கே எழுதத் தொடங்கினேன். ஒரு வாரத்தில் “விலாசம்” முடிந்தது. தோட்டத்து லய வீட்டிலிருந்து மகளுக்கு ஒரு படிவம் நிரப்பப் போன கதைதான் அது. விலாசம் கேட்டாங்க, சொன்னேன். வீட்டு நம்பர் கேட்டாங்க, லயத்து நம்பரச் சொன்னேன். ரோட்டுப் பேரு கேட்டாங்க. ரோடு இருக்கு, பேரு இல்லன்னேன். இப்படிப் போகும். தோட்டத்தில் நாங்கள் பேசுகிற பேச்சு, பின்னால் ஒரே ஒரு மத்தளச் சத்தம், நடுவில் நிறைய வெற்றிடம். தொண்டை வலிக்காமல் ஒரே மூச்சில் முடித்தேன். மே மாதம் இணையத்தில் விட்டோம். கொழும்பு வரைக்கும் போய்விட்டது. எல்லயில் போனை இறக்கிய அதே பிள்ளைகள் ஓட்டோவை நிறுத்தி, கூட நின்று படம் எடுத்தார்கள். நான் புது மாதிரி வந்துவிட்டதாக எல்லோரும் எழுதினார்கள்.

ஜூனில் ஒரு ரேடியோவுக்குக் கூப்பிட்டார்கள். ஷம்ரா என்ற அறிவிப்பாளர் கேட்டார்: “அண்ணா, இவ்வளவு வேகமா பாடினவர் நீங்க. இந்த நிதானம் எங்கேயிருந்து வந்தது?” பதில் என் வாயில் இருந்தது. ஆனால், “வயசு கத்துக் குடுத்திச்சு” என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் போட்டு நிறையப் பேர் பகிர்ந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது சஜீவனி சோறு போட்டு வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: “ரமணன் அண்ணே இதக் கேட்டிருப்பாரா?” நான் சோற்றைப் பிசையத் தொடங்கினேன்.

நீ கேட்டிருந்தால் இரண்டு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். ஒன்று, அந்த நடை உன்னுடையது. கேட்பது, சொல்வது, கொஞ்சம் சும்மா இருப்பது, எல்லாமே நீ இருபத்து மூன்று வயதில் செய்தது. மற்றது பத்தொன்பது வருடம் பழையது. கொழும்பில் அந்த ஸ்டூடியோவில் உன் பதினாறு வரியை நான் வெட்டச் சொன்னபோது, மெதுவாக இருக்கிறது, கேட்கிறவனுக்குத் தூக்கம் வரும் என்று காரணம் சொன்னேன். அது பொய். அதற்குச் சில மாதம் முன்பு நாம் கொழும்பு வந்தபோது சோதனைச் சாவடியில் உன்னை மட்டும் பஸ்ஸை விட்டு இறக்கி இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். நீ திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் அந்த வரிகளை எழுதினாய். ரேடியோவில் அது போனால் அடுத்ததாக என்னையும் இறக்குவார்கள் என்று பயந்தேன். பயமாக இருக்கிறது என்று உன்னிடம் சொல்லியிருந்தால் நீயே வெட்டியிருப்பாய். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, உன் எழுத்தில்தான் குறை என்று சொல்லிவிட்டேன். நீ “சரி” என்றாய். அதற்குப் பிறகு மூன்று வருடம் எனக்கு பீட் மட்டும் செய்து தந்தாய். ஒரு வரி எழுதவில்லை. பிறகு டொரொன்டோ போய்விட்டாய்.

பேசாமல் இருந்த இந்த நாட்களில் இது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. போன செவ்வாய்க்கிழமை இணையத்தில் என் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். இந்த நடை ரமணனுடையது, நான் அதைக் கேட்காமல் எடுத்தேன் என்று எழுதி, நிஷாந்தினியிடம் அந்த சீடியை வாங்கி, முழுப் பாட்டையும் உன் குரலோடு ஏற்றினேன். சிலர் நன்றாகவே ஏசினார்கள். ஏசட்டும். ஷம்ரா என் திருத்தத்தை நிகழ்ச்சியில் வாசித்து, உன் பதினாறு வரியையும் ஒலிபரப்பினார். முதல் தடவையாக அது ரேடியோவில் போனது.

வியாழக்கிழமை கடைக்குப் போனது இதை அம்மாவிடம் சொல்லத்தான். காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்தார். கம்சலா போனில் பாட்டைப் போட்டாள். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த அம்மா தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார். சாமான் வாங்க வந்த பெண்ணும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும் அம்மா திரும்பப் போடச் சொன்னார். இரண்டாம் முறையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “இவன் இவ்வளவு பேசுவானா தம்பி? எங்கிட்ட போன்ல ‘ம்’ங்கிறான், ‘சரி’ங்கிறான், வச்சிர்றான்.”

கோபமாகச் சொல்லவில்லை. விஷயம் தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார். நான் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். கம்சலா உள்ளே போய் மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். நீ அங்கே தனியாக இருக்கிறாய் என்று அவள்தான் சொன்னாள். எவ்வளவு நாளாக என்று அவள் சொல்லவில்லை.

ரமணன், புதிதாக ஒரு பாட்டுக்கு பீட் செய்து வைத்திருக்கிறோம். என் பகுதிக்கு இன்னும் வரி இல்லை. டாக்டர் விட்டால் மெதுவாகச் செய்வேன். என் பகுதி முடிந்ததும் பதினாறு வரி அளவுக்கு பீட் மட்டும் தனியாக ஓடும்படி தாஸிமிடம் விடச் சொல்லியிருக்கிறேன். நிஷாந்தினி அதில் பேசட்டுமா என்று கேட்டான். அவள் முந்திக்கொண்டு வேண்டாம் என்றாள். அந்த இடம் உனக்கு. நீ எழுதினால் எழுது. எழுத மனமில்லாவிட்டால் அதை அப்படியே வெறுமையாக விட்டு வெளியிடுவோம். வேறு யாரும் அதில் பேசமாட்டார்கள், நானும் பேசமாட்டேன். என்னை மன்னித்தால்தான் எழுத வேண்டும் என்றில்லை. கோபத்தையே எழுதினாலும் நல்லது.

பாட்டு எப்படியோ போகட்டும். இது கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் எடுக்கும்போது அங்கே வெயில் எப்படி, வேலைக்கு எந்த பஸ்ஸில் போகிறாய், என்ன சமைத்தாய், ஏதாவது ஒன்றைக் கொஞ்சம் நீட்டிச் சொல். மாதா உன்னைத் தனியே விடக் கூடாது என்று சஜீவனி தினமும் மெழுகுதிரி ஏற்றுகிறாள். நீ கந்தனைக் கும்பிடுகிறவன் என்று நான் எழுதிக் காட்டினேன். “பரவால்ல, அவங்க ரெண்டு பேரும் பேசி முடிவெடுத்துக்குவாங்க” என்றாள்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
றுஷாந்தன்