பாலம் தூக்குமுன்

சேசு மரி சூசை துணை
லிந்துலை, 14.5.1961

அன்பு மருமகள் சிசிலிக்கு மாமன் சூசைரட்ணம் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். அட்டன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டீச்சர் உனக்குப் பயப்படுகிறார்களா?

நம் ஆற்றுத் தூக்குப் பாலத்துக்குப் புது மோட்டார் வந்துவிட்டது. உன் அப்பா மல்லுக்கட்டிய இரும்புக் கைப்பிடி போய், இனிப் பொத்தான்தான். விரல் வைத்தால் பாலம் எழும்பும். கொழும்பு இஞ்சினியர் முழித்துக்கொண்டு நின்றார். வயர் எல்லாம் மாமன்தான் பூட்டினேன். தோட்டத்துத் தொரை தொப்பியைக் கழற்றி, "சூசை, நீ லண்டனில் பிறந்திருக்க வேண்டிய ஆள்" என்றார்! பாலம் தூக்குமுன் ஆட்கள் இறங்க உன் அப்பா அடிப்பாரே தண்டவாளத் துண்டு, அதையும் சாமான் அறையில் போட்டுப் பூட்டியாயிற்று. இனி மின்சார மணி.

உன் அப்பாவை, என் கஸ்பர் மச்சானை, வெள்ளம் கொண்டுபோனதிலிருந்து அக்கா அந்தியானால் பாலத்தில் போய் உட்காருகிறாள். தண்டவாளச் சத்தம் இன்னும் கேட்கிறதாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

மாமன்

அட்டன், 21.5.1961

அன்புள்ள மாமா,

அம்மாவை இங்கே அனுப்புங்கள் என்று எத்தனை தடவை எழுதுவது? மழை தொடங்கப் போகிறது. அந்தப் பாலம் அப்பாவைக் கொண்டுபோனது போதாதா? உங்கள் பெருமையை அப்புறம் கேட்கிறேன். முதலில் அம்மாவை பஸ்ஸில் ஏற்றுங்கள்.

சிசிலி

லிந்துலை, 18.6.1961

மருமகளே,

நேற்று ஆறு பெருகி மரங்கள் உருண்டு வந்தன. பாலத்தைத் தூக்கச் சொல்லித் தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு கத்தினார். புது ஆள் வீரய்யா பொத்தானுக்குப் போனான். மின்சார மணி நனைந்து ஊமை. அக்கா பாலத்து நடுவில். மழையில் அவனுக்குத் தெரியவில்லை.

அப்போது தண்டவாளம் அடித்தது. மச்சான் கைதான், எனக்குத் தெரியாதா? ஓடிப்போய் அக்காவைத் தூக்கி வந்தேன். என் முதுகுக்குப் பின்னால் பாலம் எழும்பியது.

சாமான் அறைச் சாவி என் மடியில் இருந்தது. இதில் மாமன் சேர்த்தது ஒரு சொல்லும் இல்லை.

அக்காவை ஞாயிறு பஸ்ஸில் அனுப்புகிறேன்.

மாமன்

அட்டன், 2.7.1961

அன்புள்ள மாமா,

அம்மா வந்து சேர்ந்தார். சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். "எனக்கு ஒருநாளும் கேக்கலடி. ஒன் மாமன்தான் அந்தியானா, மச்சான் அடிக்கிறாரு அடிக்கிறாருன்னு அழுவான். எனக்கும் ஒருதடவ கேக்காதான்னுதான் போயி ஒக்காந்தேன்" என்கிறார்.

மாமா, இரவில் தூங்குகிறீர்களா? நீங்களும் வந்துவிடுங்கள். அம்மா உங்களுக்குப் பாய் எடுத்து வைத்திருக்கிறார்.

சிசிலி

லிந்துலை, 9.7.1961

அன்பு மருமகளுக்கு,

அக்காவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது. வெந்நீர் வைத்துக் கொடு. எனக்கு வரத்தான் ஆசை. போகாதே என்று தொரை என் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சுகிறார்.

புது மணியை நம்ப முடியாது, சிசிலி. மச்சான் அடிக்கும்போது கேட்க இங்கே ஓர் ஆள் வேண்டாமா?

அந்தியாகிவிட்டது. போய் உட்கார வேண்டும்.

மாமன்
சூசைரட்ணம்