செல்வமாரியின் பச்சை வரிகள்

ஆகஸ்ட் 6, 2007. திங்கள்

புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்திருக்கிறாள். செல்வமாரி. பசுவந்தனைக்காரி, படிப்பை முடித்து ஒரு வருஷம்தான் ஆகிறதாம். சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி, எங்கள் முதலாளி, அவளை என் மேஜைக்கே அழைத்து வந்து, “ஏலே மந்திரமூர்த்தி, இந்தப் பிள்ளைக்கு எல்லாத்தையும் காட்டிக் குடு” என்றார்.

காட்டினேன். கிணறு வற்றியதும் மோட்டாரை நிறுத்தி, ஊற்று ஊறும் வரை காத்திருந்து, மறுபடி ஓட்டுகிற கன்ட்ரோலர். உள்ளே இருக்கிற கோட் முழுக்க நான் எழுதியது. கன்ட்ரோலர் போர்டுக்குக் கரண்டு கொடுத்து, வாளியில் தண்ணீர் வைத்து, சென்சார் கம்பியை முக்கி முக்கி எடுத்து டெஸ்ட் பண்ணுவதையும் காட்டினேன்.

“இவ்வளவையும் கையாலயாண்ணே செய்யுதீங்க?” என்றாள். கேட்ட விதம் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 9, வியாழன்

என் கோட் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய் என்ன செய்திருக்கிறாள் பார்! போர்டும் இல்லை, வாளியும் இல்லை. அதைக் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிற மாதிரி கம்பைல் பண்ணி வேறு புரோகிராம் கூப்பிடுகிற டிஎல்எல் ஃபைலாக ஆக்கிவிட்டாள். பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அதிலிருந்து என் ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறாள். கிணறு வற்றிவிட்டது என்று அங்கிருந்து பொய் சொல்கிறாள்; என் கோட் நம்பி மோட்டாரை நிறுத்துகிறது. எட்டு மணி நேரம் போய்விட்டது என்கிறாள், அதையும் நம்புகிறது. நான் ஒரு நாள் முழுக்கக் குந்தியிருந்து பார்க்கிறது அவளுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்லை. சரியாக இருந்தால் பச்சை வரி, தப்பென்றால் சிவப்பு வரி. திரை முழுக்கப் பச்சை.

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். என் பக்கத்தில் என்றைக்காவது உட்கார்ந்திருக்கிறாரா? அவள் காட்டியது என் கோட் ஒழுங்காக ஓடுகிறது என்பதைத்தானே! பாராட்டு மட்டும் அவளுக்கு.

ஆகஸ்ட் 10, வெள்ளி

வயிறு எரிகிறது. வேறென்ன எழுத.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

கோயம்புத்தூர் மோட்டார் கம்பெனி எங்கள் கன்ட்ரோலரைப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இங்கே தனி டிசைன் பிரிவு. போய்க் காட்டுகிறவன்தான் அதற்குத் தலைவன், இது அண்ணாச்சி வாயாலேயே சொன்னது. நான்தான் போவேன் என்று வீட்டில் என் பெண்டாட்டி சுதாராணியிடம் எப்போதோ சொல்லியாயிற்று. இன்று அண்ணாச்சி, “அந்தப் பிள்ளைய அனுப்புவமா? டெஸ்ட்ட ஓட்டிக் காட்டுனா அவியளுக்கு நம்பிக்கை வரும்லா?” என்கிறார். என்னிடமே கேட்கிறார்!

“பாப்போம் அண்ணாச்சி” என்றேன்.

இது போதாதென்று அவள் வந்து, “அண்ணே, காத்திருக்குறத எட்டு மணி நேரத்துக்கு மேல வைக்க முடியலயே. எங்க பக்கம் கோடையில பத்து மணி நேரம் விட்டாத்தான் கிணத்துல தண்ணி ஊறும். பன்னெண்டு வரைக்கும் வச்சிருவமா?” என்றாள். வந்து முழுசாகப் பத்து நாள் ஆகவில்லை, எனக்கு வேலை சொல்லுகிறாள். எட்டை அழித்துப் பன்னிரண்டு என்று அடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அவள் டெஸ்டில் அதுவும் பச்சை.

ஆகஸ்ட் 17, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

மத்தியானம் சும்மா போர்டில் பத்து மணி நேரம் என்று வைத்துப் பார்த்தேன். கிணறு வற்றி மோட்டார் நின்றது, நின்ற சூட்டிலேயே மறுபடி ஓடியது. காத்திருக்கவே இல்லை. பிறகுதான் மண்டையில் உறைத்தது. மணியை நான் விநாடியாக்கி வைக்கிறேன். கன்ட்ரோலரில் இருக்கிற சிப் சின்னது, ஒரு எண்ணுக்கு அது தருகிற இடமும் சின்னது, முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம்தான் கொள்ளும். ஒன்பது மணி வரை தாங்கும். பத்து மணிக்கு முப்பத்தாறாயிரம் விநாடி, கொள்ளாமல் போய் மைனஸ் ஆகிவிடுகிறது. காத்திருக்க ஒன்றுமில்லை என்று நினைத்து மோட்டாரை ஓட்டிவிடுகிறது.

அவள் கம்ப்யூட்டரில் அந்த இடம் பெரிது. அங்கே எப்போதும் பச்சைதான் வரும், ஆயிரம் தடவை ஓட்டினாலும்!

தப்பு என் கோடில்தான். ஆனாலும் கை தட்டாத குறை எனக்கு. பிடிக்கத் தெரியாத டெஸ்ட் என்ன டெஸ்ட்? திங்கட்கிழமை அண்ணாச்சியை வைத்துக்கொண்டு காட்டுகிறேன். மூக்கு உடையட்டும்.

ஆகஸ்ட் 18, சனி

அவளுடைய அப்பா சிவனாண்டியின் கிணற்றில் கன்ட்ரோலரை மாட்டிப் பார்க்கலாம் என்று அண்ணாச்சி திடீரென்று சொல்லிவிட்டார். பெட்டியை அவளே ஊருக்கு எடுத்துப் போனாள். கனமாக இருந்ததால் பஸ் ஸ்டாண்டு வரை நான்தான் தூக்கி வந்தேன்.

சொல்லியிருக்கலாம். பஸ் கிளம்ப நேரம் இருந்தது. ஜன்னல் வழியாக, “அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்ணே, ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருக்காவ” என்றாள். எட்டு மணி நேரம்தான் வைப்பார்கள், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். “பாத்துப் போம்மா” என்றேன்.

ஆகஸ்ட் 20, திங்கள்

அவள் அப்பாவின் மோட்டாரில் காயில் கருகிவிட்டது. பத்து மணி நேரம்தான் வைத்திருக்கிறார்கள். வேறு எதை வைப்பார்கள்? அவள் வாயால் சொல்லித்தானே நான் பன்னிரண்டாக்கினேன்? வற்றிய கிணற்றில் மோட்டார் நின்று நின்று ஓடியிருக்கிறது, கரண்டு இருந்த நேரம் பூராவும். பார்த்து நிறுத்த ஆள் இல்லை, தானாக நிற்கும் என்று நம்பித் தூங்கியிருக்கிறார்கள்.

அண்ணாச்சி ஒர்க்ஷாப் அதிரக் கத்தினார். “எல்லாம் பச்சைன்னியே, என்னட்டி இது!”

அவள் அழவில்லை. காரணத்தையும் ஊரிலிருந்து வரும்போதே யோசித்துப் பிடித்திருந்தாள். “சிப்புல எண்ணுக்கு எடம் சின்னது அண்ணாச்சி. நான் கம்ப்யூட்டர் அளவுலயே விட்டுட்டேன். பன்னெண்டு கேட்டதும் நான்தான், டெஸ்ட்டும் என்னோடது. தப்பு என்மேலதான்.”

கோட் யாருடையது என்று அவள் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

கோடில் இருந்த தப்பை நான் திருத்தினேன். சிப்பில் இருக்கிற அளவே கம்ப்யூட்டரிலும் வருகிற மாதிரி ஸ்கிரிப்டை அவள் மாற்றினாள். பழைய கோட் அதில் ஓடினால் பத்து மணியில் பளிச்சென்று சிவப்பு. புதியது பச்சை.

“கோயம்புத்தூருக்கு நீயே போலே. அந்தப் பிள்ளை இன்னும் பழகணும்” என்றார் அண்ணாச்சி.

ஆகஸ்ட் 29, புதன். கோயம்புத்தூர்

பிடித்துவிட்டது. கன்ட்ரோலரை விட அந்த டெஸ்ட்தான் பிடித்தது. ஒருத்தர் எழுந்து வந்து ஸ்கிரிப்டைத் திறக்கச் சொல்லி வரி வரியாகப் பார்த்தார். “மேல செல்வமாரின்னு பேர் இருக்குதுங்களே, அவங்க எழுதுனதுங்களா?” என்றார்.

“அது டைப் அடிச்ச பொண்ணு சார்” என்றேன்.

ஆகஸ்ட் 31, வெள்ளி

டிசைன் பிரிவு எனக்கு. சுதாராணி பாயசம் வைத்தாள்.

செல்வமாரி மட்டும் மேஜைக்கு வந்து, “அவிய என்ன சொன்னாவண்ணே?” என்று கேட்டாள். நல்லாருக்குன்னாங்க என்றேன். “டெஸ்ட்ட யார் எழுதுனான்னு கேட்டாவளா?”

இல்லை என்றேன்.

“கேக்காததே நல்லது. மோட்டாரக் கருக்குனவ எழுதுனதுன்னு தெரிஞ்சிருந்தா ஒங்களுக்குல்லா அசிங்கம்” என்று சொல்லிவிட்டுப் போய் வேலையைப் பார்த்தாள்.