கீறல் விழுந்த இசைத்தட்டு

மலாயா, 16 செப்டம்பர் 1958, செவ்வாய்

காலையில் கணக்குப் புத்தகத்தோடு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டைப் பார்க்கப் போனபோது, துணைக்குக் காவல்காரன் யூசோப் துப்பாக்கியோடு வந்தான். கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருக்கும் காட்டுக்குள்ளிருந்து சீட்டிச் சத்தம். யூசோப் சிரம்பானில் வாங்கிவந்த ராக் அண்ட் ரோல் பாட்டு! மாலைதோறும் என் வீட்டு கிராமபோனில் நாங்கள் போட்டுக் கேட்கும் அதே பாட்டு.

"ரேடியோல கேட்டிருப்பான்லா, கிராணி" என்றான் யூசோப்.

எங்கள் தட்டில் ஒரு கீறல். ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்ப வரும். ஊசியைத் தட்டிவிட்டால்தான் நகரும். சீட்டியும் அதே வரியில் திரும்பத் திரும்பச் சுற்றியது.

யூசோப் சுடவில்லை. அவன் முகம் வெளுத்துவிட்டது.

இன்று ஜன்னலை அடைத்துவிட்டேன். பாட்டும் போடவில்லை.

வெளியே இப்போது சீட்டி கேட்கிறது. முதல் வரி மட்டும், பாட்டைப் போடச் சொல்வதுபோல.