ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த கப்பல்

ஆகஸ்ட் 4, 2024
யோகராஜின் கப்பல் ஜீப்பில் மலை மேலே என் ஏலத்தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. ரிமோட்டில் ஓட்டுவதற்கான போர்க்கப்பல். அவன் என்ஜின் அறையில் வேலை பார்த்த கப்பலின் சின்ன உரு. உர மூட்டைகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தது. டிரைவர் திருப்பதி, "அண்ணே, நேவி வந்துருச்சு. நங்கூரத்த எங்க போட?" என்றான்.

என் மனைவி முத்துப்பிரியாவின் அண்ணன் என்பதால்தான் ஒப்புக்கொண்டேன். நடுக்க வியாதி வந்த கையை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பி.வி.சி. பலகை அறுத்து, ஒரு வருஷமாகக் கட்டியிருக்கிறான். மோட்டாரும் வயரும் அந்தக் கைக்கு அடங்காதாம். போனில் சொன்னான்: "ஒடம்பு என்னோடது மாப்ளே, கொடலு ஒன்னோடது. கை இன்னும் எம்பேச்சக் கேக்குதான்னு பாக்கத்தான் இத ஆரம்பிச்சேன்."

ஆகஸ்ட் 9
கப்பலைத் தள்ளும் விசிறிகளின் ஷாப்ட் குழாய்கள் இரண்டையும் வைத்து நூல் பிடித்துப் பார்த்தேன். அவன் வைத்த சட்டங்களில் மயிரிழை கோணல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

இருவரும் ஒன்றாகத்தான் நேவி ஆளெடுப்புக்குப் போனோம். கணக்கில் என்னைப் பார்த்து எழுதியவன் கப்பலேறினான். பச்சை, சிவப்பு பிரிக்கத் தெரியாத கண் என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அதன்பின் எம்.எஸ்.சி. இயற்பியல் படித்து என்ன? எந்தக் கல்யாணத்திலும் நான் 'கப்பல்காரர் தங்கச்சி வீட்டுக்காரர்'. இன்றும் பேட்டரி வயரில் சிவப்பு எது என்று ஏலக்காய் ஸ்டோர் அடுப்புக்கு விறகு போடும் சுருளிவேலிடம்தான் கேட்டேன்.

ஆகஸ்ட் 12
விடாத மழை. குழாய்களை ஒட்டிய பசை இறுகவே இல்லை. ஏலக்காய் காயவைக்கும் அறையில் மேல்தட்டு காலியாக இருந்தது. கப்பலை அங்கே ஏற்றினேன்.

"காயோட சேத்துக் கப்பலையுமாண்ணே வாட்டணும்?" என்றான் சுருளிவேல்.

"ஒன் சோலியப் பாருடா."

ஆகஸ்ட் 13
பசை இறுகிவிட்டது. கப்பலின் அடிப்பகுதி முறுக்கிக்கொண்டது.

சூட்டில் பி.வி.சி. இளகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை. தோன்றவில்லைதானா?

ஆகஸ்ட் 18
யோகராஜ் வந்தான். மழை, ஜீப்புக் குலுக்கல் என்று இரண்டு பொய் தயாராக வைத்திருந்தேன். இரண்டும் தேவைப்படவில்லை. ஒரு கண்ணை மூடி, முன்பக்கத்திலிருந்து நெடுநேரம் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான்.

"எங்கோணல்தான் மாப்ளே. நேரா வச்சேன்னுதான் நெனச்சேன். கண்ணையும் ஏமாத்திருச்சு இந்தக் கை."

டீ ஊற்றிக் கொடுத்தபடி நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "விடு மச்சான். வயசாகுதுல்ல."

எப்படி வந்தது அது? சும்மா இருந்திருக்கலாமே பாவி, சும்மாவாவது இருந்திருக்கலாமே.

ஆகஸ்ட் 25
முத்துப்பிரியா கீழே போடிக்குப் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்து அழுதாள். "அண்ணன் சோத்தக்கூட தானா அள்ள மாட்டேங்குதுங்க. அண்ணி ஊட்டுறாக. அரத்தையும் ரம்பத்தையும் யாருக்கோ தூக்கிக் குடுத்துருச்சு."

காப்பி இருக்கிறதா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 28
அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். பொய். கேட்டிருந்தாலும் மழையைத்தான் சொல்லியிருப்பேன். இவ்வளவு காலமும் அவன் ஒரு முறையாவது என் முன்னால் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தோற்றுவிட்டான். தட்டு முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

செப்டம்பர் 1
போடிக்கு இறங்கிப் போய், கப்பலை ஸ்டோர் சூட்டில் வைத்ததை யோகராஜிடம் சொல்லிவிட்டேன். அவன் மனைவி ஒச்சம்மாள் கையில் சோற்றுக் கரண்டியோடு நின்றாள்.

யோகராஜ் முதலில் கேட்டது, "எத்தன டிகிரி?"

"அம்பத்தஞ்சு."

"ராத்திரி பூராவா?"

"ஆமா மச்சான்."

"எம்மெஸ்ஸி படிச்ச நாயே!" தண்ணீர்ச் செம்பு என் நெஞ்சில் வந்து விழுந்தது. குறி தப்பவில்லை. "கோணலு எங்கையில இல்ல, ஒம்மனசுலடா. என்னய உசுரோட பொணமாக்கிட்டு டீ ஊத்திக் குடுத்தியேடா! போடா வெளிய!"

முத்துப்பிரியாவிடமும் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்னும் எனக்கு முகம் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 8
யோகராஜிடமிருந்து போன் இல்லை. நான் அடித்தாலும் எடுப்பதில்லை. முறுக்கிய கப்பலிலிருந்து மோட்டார்களைக் கழற்றி வைத்தேன்.

செப்டம்பர் 22
முத்துப்பிரியா அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். இவ்வளவு நாளில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். புதுப் பலகையும் ரம்பமும் வாங்கியிருக்கிறானாம். அறுப்பதும், கோணலென்று தூக்கி எறிவதும், மறுபடி அறுப்பதுமாக வீடு முழுக்கத் தூளாம். "தானாத்தான் சாப்புடுது. பாதிச் சோறு கீழதான். அண்ணி கரண்டிய எடுத்தாப் போதும், மொறைக்குது." சிரித்தாள், உடனே நிறுத்திக்கொண்டாள்.

கப்பலின் உள்வேலைக்கு டவுனில் எலக்ட்ரீசியன் பாண்டியராஜனைப் பேசியிருக்கிறானாம். மோட்டார் சாமான்களை அனுப்பச் சொல்லியிருக்கிறான்.

ஷாப்ட்டுகளைத் துடைத்துக் கிரீஸ் தடவினேன். எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி, ஜீப்பில் ஏற்றினேன். திருப்பதி பக்கத்து சீட்டைத் தட்டினான்.

"ஏறுங்கண்ணே, வெரசாப் போயிரலாம். நீங்க வரலையா?"

"மோட்டாரத்தான் கேட்டாரு," என்றேன். "என்னயக் கேக்கல."