மீன் பெட்டியில் போன தண்ணீர்

நேற்றுக் காலை கன்னியம்மா ஒரு கிண்ணம் எறால் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். உரிக்கும்போதே என் விரல்களில் கறுப்பாக ஏதோ ஒட்டியது. மஞ்சள் போட்டுப் பிசைந்து, தண்ணீர் தெளியும் வரை அலசித்தான் என் மனைவி சட்டியில் போட்டாள். எண்ணெயில் வதங்கத் தொடங்கியதும் அடுப்படி முழுக்க ஒரு நெடி. "கிருஷ்ணாயில் நாத்தங்க" என்று சொல்லி அடுப்பை அணைத்துவிட்டாள். தெருமுனையில் கொண்டுபோய்க் கொட்டினோம். ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்தது. பிறகு தன் வழியில் போய்விட்டது.

அந்த நெடியில்தான் உன் நினைவு வந்தது. கோபித்துக்கொள்ளாதே. செத்துப்போன நண்பனை நினைக்க மற்றவர்களுக்கு ஒரு பூ வாசனையோ பழைய சட்டையோ கிடைக்கிறது. நமக்கு வாய்த்தது இதுதான்.

கன்னியம்மாவை நீ மறந்திருக்க மாட்டாய். எண்ணூர் உப்பங்கழியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவியே எறால் பிடிப்பவள். வலையும் கிடையாது, படகும் கிடையாது. பனையோலையால் முடைந்த பறிக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டுத் தவழ்ந்து போவாள். முகவாய் தண்ணீரில் பட்டபடி இருக்கும். தண்ணீர் வாய்க்குள்ளும் போகும். அவளை அப்படி முதலில் பார்த்த அன்று நீ அடுத்த கரையைக் காட்டினாய். அங்கே ஓர் ஆலையின் கழிவு வாய்க்கால் வந்து கழியில் விழும். "வாத்யாரே, அவன் கொப்புளிச்சுத் துப்பறத இவ வாயில வாங்கினு கீறா" என்றாய்.

ராயபுரத்தில் ஒரே தெருவில் வளர்ந்தோம். ஒரே தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்வரிசையில் உட்கார்ந்து குசுகுசுத்து, உன் அம்மாவிடம் சேர்ந்தே அடி வாங்கினோம். நான் எண்ணூரில் பள்ளிக்கூட வாத்தியார் ஆனேன். நீ தண்ணீரையும் காற்றையும் சோதிக்கும் அரசு அலுவலகத்தில் கள ஆய்வாளர் ஆனாய். வேலை கிடைத்த அன்று உன் அப்பா துறைமுகத்தில் தன்னோடு வேலை செய்தவர்களுக்கெல்லாம் பிரியாணி போட்டார். மகன் கடலைக் காப்பாற்றப் போகிறான் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். நீ கூச்சத்தில் நெளிந்தாய்.

முதல் மாதமே உன் முகம் மாறிவிட்டது. என்னவென்று கேட்டேன். உன் ஆபீசில் வண்டி இல்லை என்றாய். இருந்த ஒன்றும் பழுதாகி, சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் நின்றது. ஆகவே ஆய்வுக்குப் போகவேண்டிய நாளில், எந்த ஆலையைச் சோதிக்க வேண்டுமோ அந்த ஆலைக்கே போன் போடுவார்கள். ஆலையிலிருந்து குளிர்சாதன வண்டி வரும். அதிகாரிகள் ஏறிக்கொள்வார்கள். வழியில் இளநீர், போய்ச் சேர்ந்ததும் டீ, முடிந்ததும் சாப்பாடு. அதே வண்டி திரும்பவும் ஆபீசில் இறக்கிவிடும். யாரும் இதை ஒளித்துச் செய்யவில்லை. லஞ்சம் என்றும் யாரும் நினைக்கவில்லை. அதுதான் உன்னால் தாங்க முடியாததாக இருந்தது. "டிரைவர் எறங்கி வந்து கதவு தொறந்து உடறான் வாத்யாரே. அப்பறம் அவன் வூட்டுத் தண்ணி சரியில்லன்னு நான் எப்பிடி எழுதறது?"

மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடம் வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். பரீட்சைக்கு வரும் கண்காணிப்பாளரை ஒரு மாணவனின் அப்பா தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்து, இட்லி வாங்கிக் கொடுத்து, பரீட்சை நடக்கும் அறைவாசலில் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "அந்தப் பையன் மொத ராங்க் சார்" என்றான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிந்தது அது.

வண்டி ஒரு பக்கம். நேரம் இன்னொரு பக்கம். கடல் உள்ளே ஏறும்போது முகத்துவாரம் வழியாக நல்ல தண்ணீர் வந்து கழியை நிரப்பும். தண்ணீர் வற்றும்போதுதான் ஆலை தன் வாய்க்காலைத் திறக்கும், கழிவை வற்றும் தண்ணீரே இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால். கன்னியம்மா போன்றவர்கள் இறங்குவதும் அதே நேரத்தில்தான், ஆழம் குறைந்தால்தான் சேறு கைக்கு எட்டும். ஆய்வு வண்டியோ எப்போதும் கடல் ஏறி நிற்கும் நேரத்தில் வரும். ஒரு குவளை மையை ஒரு குளத்தில் ஊற்றிவிட்டுக் குளத்துத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பார்த்தால் மை எங்கே தெரியும்? எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்றுதான் அறிக்கை வரும். வந்தது. ஒவ்வொரு முறையும் அதுதான் வந்தது.

அந்த வாய்க்காலின் வாய் அடைபட்டால் கன்னியம்மா பயமில்லாமல் தண்ணீரில் இறங்கலாம். அடைபடாவிட்டால் கையில் புண்ணோடு இறங்க வேண்டும். அடைக்கச் சொல்ல உன் ஆபீசால்தான் முடியும். அதற்கு உன் ஆபீஸ் ஆள் தன் கையால் எடுத்த தண்ணீர் வேண்டும். கன்னியம்மா குடம் குடமாக அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தாலும் சட்டத்தில் செல்லாது.

அதனால்தான் அந்த ஒரு நாள் நீ யாருக்கும் சொல்லாமல், வண்டிக்குக் காத்திருக்காமல் வந்தாய். தண்ணீர் வற்றும் நேரத்தில் முழங்கால் சேற்றில் நின்று, வாய்க்கால் விழும் இடத்திலேயே கேன்களில் பிடித்தாய். பள்ளிக்கூடம் விட்டு நான் பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது நீ ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியை அணைத்தபடி நின்றிருந்தாய். சோதனைக்கூடம் போய்ச் சேரும் வரை தண்ணீர் சில்லென்று இருக்க வேண்டும் என்பது விதி. மீன் ஏலம் விடும் இடத்தில் ஒரு பெட்டியும் ஐசும் வாங்கியிருந்தாய். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நம் ஊரில் ஐஸ் என்றால் வேறு எங்கே கிடைக்கும்?

பஸ்ஸில் நடந்ததை நீ சாகும் வரை சொல்லிச் சிரித்தாய். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னாய்யா அது பொட்டில?" என்றார்.

"தண்ணி."

"தண்ணியா? இன்னா தண்ணி இப்பிடி கலீஜா நாறுது?"

"எண்ணூர் தண்ணி."

பின்சீட்டில் ஓர் அம்மா பிடித்துக்கொண்டாள். "ஏன்பா கண்டக்டரு, நான் மீன் கூடை எடுத்தாந்தா எறங்கு எறங்குன்ற. இத்த மட்டும் மடில வெச்சு கூட்டினு போற" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நீயும் சிரித்தாய், பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. திருவொற்றியூர் வருவதற்குள் நம் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. இந்தத் தண்ணீரை இனி யாராலும் மறைக்க முடியாது என்றாய். நானும் நம்பினேன்.

சோதனைக்கூடத்தில் பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மீன் வைக்கும் பெட்டியில், மீன் ஐசில் வைத்து, பொதுப் பேருந்தில் கொண்டுவந்ததால் மாதிரி கெட்டிருக்கக்கூடும் என்று நிராகரித்தார்கள். தண்ணீரில் ஏதாவது இருந்தாலும் அது மீனிலிருந்து வந்ததாக இருக்கலாமாம். கழியைக் கெடுத்தது ஆலை அல்ல, மீன்! உரிய வாகனத்தில் உரிய முறையில் மறு ஆய்வு நடக்கும் என்றார்கள். அதுவும் நடந்தது. உரிய வாகனம் எது என்று உனக்கும் எனக்கும் தெரியும். உன்னைத் தெற்கே ஏதோ ஒரு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். கடல் இல்லாத ஊர்.

கிளம்புவதற்கு முன் கன்னியம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்றாய். மன்னிப்புக் கேட்க வந்தவன் மாதிரி நின்றாய். அவள்தான் உனக்குச் சமாதானம் சொன்னாள். "நீ இன்னா நைனா பண்ணுவ, வூட்டாண்ட வந்து நிக்கிறியே, அது போதும்" என்றாள். அது போதாது என்று பஸ் நிறுத்தம் வரை நீ முணுமுணுத்துக்கொண்டே வந்தாய்.

நீ ஓய்வு பெற்று ஊர் திரும்பினாய். போன மழைக்காலத்தில் போயும் சேர்ந்தாய். உன் அடக்கத்துக்கு உன் ஆபீசிலிருந்து நாலைந்து பேர் மலர்வளையத்தோடு வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான், ஒருவர் அழுதார். தேவாலய வாசலில் அவர்கள் எந்த வண்டியிலிருந்து இறங்கினார்கள் என்று பார்த்தேன். கதவில் அந்த ஆலையின் பெயர் எழுதியிருந்தது. ஆபீஸ் வண்டி பழுது என்றார்கள். நல்ல வேளை, உன் சவப்பெட்டியை மூடியிருந்தார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கன்னியம்மாவும் அவள் தெருப் பெண்களும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தது நான். மனுவுக்குப் பதிலாகப் போன வாரம் ஆய்வுக்கு ஆள் வந்தது. கடல் ஏறி, கழி நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்த நேரம். அதே குளிர்சாதன வண்டி, மாடல் மட்டும் புதிது. இறங்கிய அதிகாரி என் பழைய மாணவன். பணிவாக வணக்கம் சொன்னான், என் முழங்கால் வலி பற்றி விசாரித்தான். வண்டியைக் காட்டிக் கேட்டேன். "ஆபீஸ் வண்டி ரிப்பேர் சார். புதுசுக்கு எழுதியிருக்கோம்" என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

கன்னியம்மா அவனிடம் கெஞ்சினாள். தண்ணீர் வற்றட்டும், அதுவரை இப்படி நிழலில் குந்து சார் என்றாள். டிரைவருக்கு மதியம் வேறு வேலை இருக்கிறது, ஆலையில் யாரையோ அழைத்து வர வேண்டும் என்றான். பாட்டிலில் பளிங்கு போன்ற கடல் தண்ணீரைப் பிடித்தான். மூடினான், ஒட்டினான், கையெழுத்துப் போட்டான். நீலநிறப் புதுப் பெட்டியில் பத்திரமாக வைத்தான்.

அப்போது அவள் தன் இரண்டு கைகளையும் அவன் முன்னால் நீட்டினாள். விரலிடுக்குகள் வெடித்து வெள்ளையாகப் பூத்திருந்தன. ஒரு நகம் இல்லை.

"அது கடல் தண்ணி சார். எங்க தண்ணி இதுல கீது. இத்த எடுத்துனு போய் டெஸ்டு பண்ணு."

அவன் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாக, மரியாதையாகச் சொன்னான்: "டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா. அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல."

என் வகுப்பில் நன்றாகப் படித்த பையன். குரலில் திமிர் இல்லை, பொய்யும் இல்லை. ஆபீசில் அவனுக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் சொன்னான். அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வெயில்ல நிக்காதீங்க சார், திருவொத்தியூர்ல எறக்கி விட்டுடறோம்" என்றான். நடந்தே போகிறேன் என்றேன். உள்ளே யாருக்கோ போன் வந்தது. வண்டி போய்விட்டது.

தண்ணீர் வற்றத் தொடங்கியது. கன்னியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இன்றைக்கு வேண்டாம் என்றேன். நாளைக்கு மட்டும் என்ன சார் மாறிடும் என்று கேட்டுவிட்டுப் பறியைப் பல்லில் கடித்தபடி இறங்கினாள். சற்று நேரத்தில் எதிர்க்கரையில் வாய்க்கால் திறந்தது. முதலில் நுரை, பிறகு பழுப்பு, பிறகு பெயர் சொல்லத் தெரியாத ஒரு நிறம். அது பரந்து அவள் பக்கம் வந்தது. ஏறி வாம்மா, ஏறி வா என்று கத்தினேன். வாயில் பறி இருந்ததால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. கேட்டது என்பதற்கு அடையாளமாக ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, மறுபடி அதைத் தண்ணீருக்குள்ளேயே விட்டாள்.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அன்று நான் அந்தத் தண்ணீரைத் தொடக்கூட இல்லை. ஆனாலும் என் மனைவி வந்து குழாயை மூடும் வரை கழுவிக்கொண்டே இருந்தேன்.

நீ போனதும் இதெல்லாம் எனக்குப் பழகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். வயதானால் எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் பழகிவிடுகிறது. உனக்கு மட்டும் பழகவில்லை. கன்னியம்மாவை அந்தத் தண்ணீரில் முதலில் பார்த்த அன்று உன் முகத்தில் இருந்த அருவருப்பு கடைசி வரை அப்படியே இருந்தது. எனக்கு உன்னிடமிருந்து மிஞ்சியது அதுதான். அடுத்த திங்கட்கிழமை மறுபடி மனு கொடுக்கப் போகிறோம். வற்றும் நேரத்தில் வாருங்கள், பஸ்ஸில் வாருங்கள் என்று இரண்டே வரிதான் எழுதியிருக்கிறேன். கன்னியம்மா கைநாட்டு வைக்க மாட்டேன் என்கிறாள். கை புண் என்பதால் இல்லை, இந்த முறை தன் பெயரைத் தானே எழுதப் போகிறாளாம். சாயங்காலம் வருவாள். எழுதிப் பழக்க வேண்டும்.