பெயர் நீக்கச் சீட்டு

ஜூன் 9, ஞாயிறு

அன்புள்ள பொத்தானின் அக்காவுக்கு,

இன்று பேருந்து நிலையத்தில் உங்களிடம் சொல்லாமல் விட்டதை, வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். உங்கள் தங்கை தொடர்ந்து மூன்று வகுப்புக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியும், அதைச் சொல்லவில்லை. ஒரு பெண் மூன்று வகுப்புக்கு வராவிட்டால் நான்காம் நாள் நாங்கள் அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் படிப்பு மையத்தின் விதி, அதையும் சொல்லவில்லை. நான் போகவில்லை. நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "அவ நல்லாப் படிச்சாளா டீச்சர்?" நான் "ரொம்ப நல்லா" என்றேன். அதற்குள் உங்கள் வண்டி வந்துவிட்டது.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்துச் செய்தி கிடைத்து, இருக்கிற ஒரு நாள் விடுப்பில் ஓடி வந்து, தங்கையைப் பார்க்க முடியாமல் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டுத் திரும்புகிறவரிடம் அதற்கு மேல் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. தொழிற்சாலை விடுதியில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றீர்கள். அதனால் கடிதம்.

அந்த வாரம் எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. மையத்தை நடத்த உதவும் கூட்டாளி அமைப்பிலிருந்து வெள்ளிக்கிழமை ஆட்கள் வருவதாக இருந்தது. கணினிகளைத் துடைத்தோம், சுவரெல்லாம் பெண்கள் வரைந்த படங்களை ஒட்டினோம். நீங்கள் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வயதில் உங்கள் தையல் பெட்டியிலிருந்து பொத்தானை விழுங்கிய கதையை முதல் நாளே வகுப்பில் சொன்னாள். "ரெண்டு நாள் எங்க அக்கா சாப்பிடவே இல்ல டீச்சர். நான்தான் நல்லாச் சாப்பிட்டேன்." அன்றிலிருந்து அவளை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அன்புடன்,
டீச்சர்

*

ஜூன் 16, ஞாயிறு

அன்புள்ள டீச்சருக்கு,

நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமா? நான் நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைக் கழிவறை வரிசையில் நின்று மூன்று முறை படித்தேன். சூப்பர்வைசர் எட்டிப் பார்க்காத ஒரே இடம் அதுதான். இதற்குப் போய் மனதை வருத்திக்கொள்வார்களா? வேலை இருந்தால் யாரால் வர முடியும்? இங்கே ஒரு நாளைக்கு நானூறு காலர் தைக்கிறேன். தும்மல் வந்தால்கூட அடுத்த காலருக்குத் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது.

ஆனால் அவள் இருக்கிறாளே, உங்களைப் பற்றி அப்படிப் பீற்றிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போன் பேசக் கிடைத்தால் ஒன்பது நிமிடம் உங்கள் புராணம்தான். "நீ வேணா பாருக்கா, மூணு நாள் நான் போகலைன்னா டீச்சர் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. அப்பா இல்ல, அப்பாவோட அப்பா வந்தாலும் நகர மாட்டாங்க." எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

இப்போது ஒரு உதவி. அவளுக்குப் பதினைந்து வயதுதான் என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். வீட்டில் பிறந்தவள், பிறப்புச் சான்றிதழ் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் பதினெட்டு என்று ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்திருக்கிறார்களாம். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனில் பேசினேன். அந்தப் பெண் எங்காவது படித்துக்கொண்டிருந்தாள், இன்ன வயது என்று ஒரு பதிவேடு இருந்தால் கொண்டு வாருங்கள், போய் அழைத்து வந்துவிடலாம் என்றார்கள். அது உங்களிடம்தானே இருக்கிறது? அதைக் கொடுத்தால் போதும் டீச்சர். வேறு எதுவும் வேண்டாம்.

உங்கள் தலையெழுத்து, இப்படி ஒரு அக்காவும் தங்கையும் வந்து வாய்த்தோம்.

இப்படிக்கு,
பொத்தானின் அக்கா

*

ஜூன் 25, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்.

பதிவேடு இப்போது கூட்டாளி அமைப்பின் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் மேடத்திடம் கேட்டேன். "அனுப்பின ரெஜிஸ்டரைத் திருப்பிக் கேட்டா என்ன நினைப்பாங்க? அடுத்த மூணு வருஷத்துக்குப் பணம் தர அவங்க கையெழுத்துப் போடப்போற நேரம் இது. இருபத்து நாலு பொண்ணுங்க இருக்காங்கம்மா, ஒருத்திக்காக அத்தனை பேரையும் தெருவுல விடுவியா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கட்டடத்துக்காக வாசல் வாசலாக ஏறி இறங்கியவர். இன்னொரு முறை கேட்கிறேன்.

வேறொன்று சொல்ல வேண்டும். வகுப்பு முடிந்து இருட்டுவதற்குள் பெண்கள் வரிசையாகத்தான் வீடு திரும்புவார்கள். யாரும் விடுபடாமல் இருக்க, தெருமுனை வரும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று ஆளுக்கொரு எண் சொல்லிக்கொண்டே போவார்கள். பொத்தான் பதினேழு. அந்த இடத்துக்கு இப்போது ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். வாய் திறந்து பேசாத பெண்.

நேற்று வரிசையின் கடைசியில் நான் நடந்து வந்தேன். லாரிகள் நிற்கும் தெருவின் முனையில் எண்ணினார்கள். பதினேழு என்று இரண்டு குரல் கேட்டது. ஒன்று மெதுவாக, இன்னொன்று வழக்கம்போலத் தெரு முழுக்கக் கேட்கும்படி. நிற்கச் சொல்லி, "யாரு ரெண்டாவது தடவை சொன்னது?" என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒருத்திதான் சொன்னா டீச்சர்" என்றார்கள். மறுபடி எண்ணச் சொன்னேன். ஒரு குரல்தான்.

நான் இப்படியெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் இன்று அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
டீச்சர்

*

ஜூலை 8, திங்கள்

அன்புள்ள டீச்சருக்கு,

நேற்று இந்த மாத விடுப்பு. நேரே அவள் இருக்கும் ஊருக்குப் போனேன். மரக்கடைக்குப் பின்னால் மாடி வீடு. மாமியார் வாசலிலேயே நிறுத்தி, "குளிக்கிறா" என்றார். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டாலும் குளிக்கிறாள்தான். யானையைக் குளிப்பாட்டினாலும் இவ்வளவு நேரம் ஆகாது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். பின்பக்கம் பொதுக்குழாய் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தேன். குடத்தோடு எப்படியும் வருவாள் என்று தெரியும்.

வந்தாள் டீச்சர். பாதியாகிவிட்டாள். என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, இவ்வளவு வாய் இருக்குல்ல உனக்கு? ஒரு வார்த்தை டீச்சருக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம்ல?"

"டீச்சரா? அவங்கதான் சீட்டு அனுப்பிட்டாங்களே."

"என்ன சீட்டு?"

"போக்கா. குடம் நிறைஞ்சிருச்சு."

அவ்வளவுதான் பேசினாள். எனக்கு வந்த கோபத்தில் அவளைத் திட்டிவிட்டேன். டீச்சர் அப்படிப்பட்ட ஆள் இல்லை, அப்பா எதையாவது எழுதிக் காட்டி உன்னை ஏமாற்றியிருப்பார் என்றேன். திரும்பி வரும்போது பாதி வழியில்தான் நினைவு வந்தது. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அது என்ன சீட்டு டீச்சர்? உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அவளிடம் அடுத்த முறை சொல்வதற்காகக் கேட்கிறேன்.

பதிவேடு கிடைத்ததா?

இப்படிக்கு,
பொத்தானின் அக்கா

*

ஜூலை 11, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

சீட்டு நான் எழுதியது.

வருகை எண்பது சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது கூட்டாளி அமைப்பின் கணக்கு. அதனால் ஆட்கள் பார்வையிட வருவதற்கு முன்னால், வராத பெண்களின் பெயரை நீக்கிவிட்டுக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஆள் சேர்த்துவிடுவோம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லா மையத்திலும் அப்படித்தான். அந்தப் புதன்கிழமை நான் உங்கள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நாள். போவதற்குப் பதிலாக உங்கள் அப்பாவை மைய வாசலுக்கு வரச் சொன்னேன்.

பெயரை நீக்க ஒரு சீட்டு உண்டு. அதில் காரணம் எழுத வேண்டும். நான்கே காரணங்கள்: ஊர் மாற்றம், உடல்நிலை, திருமணம், விருப்பமின்மை. திருமணம் என்று எழுதினால் அன்றைக்கே குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும், விசாரணை வரும். விருப்பமின்மை என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். உங்கள் அப்பா, "வீட்டுல ஒரு விசேஷம் வருதும்மா, அவ இனிமே வர மாட்டா" என்றார். என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். விருப்பமின்மை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் கையில் கொடுத்தேன். மறுநாள் காலை அவருடைய பெருவிரல் ரேகையோடு திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

அந்த ஒரு இரவு சீட்டு உங்கள் வீட்டில் இருந்திருக்கிறது. அதை அவருக்கு யார் படித்துக் காட்டியிருப்பார்கள் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் யோசித்தேன். அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். இரண்டு வருடம் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டாமல் படிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்.

பதிவேடு தலைமை அலுவலகத்தில் இருப்பது உண்மை. ஆனால் அது இங்கே இருந்தபோதே சீட்டைப் பற்றி நான் உங்களிடம் சொல்லியிருக்கலாம். பேருந்து நிலையத்தில் சொல்லியிருக்கலாம். முதல் கடிதத்தில் சொல்லியிருக்கலாம். மற்றதையெல்லாம் எழுதிவிட்டு இதை மட்டும் விட்டேன். என்னை நல்லவள் என்று நினைக்கிற ஒருவர் என்னோடு பேசிக்கொண்டிருக்கட்டும் என்று இருந்தது.

நாளைக் காலை அதிகாரியிடம் போகிறேன். சீட்டில் இருப்பது பொய், அவளுக்குப் பதினைந்து வயது, அவள் விரும்பிப் படிப்பை நிறுத்தவில்லை என்று என் கைப்பட எழுதிக்கொடுக்கிறேன். மேடத்திடம் சொல்லிவிட்டேன். "உன் வேலை போகும், அதோட நிக்காது" என்றார்.

மன்னியுங்கள் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை.

டீச்சர்

*

ஜூலை 20, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் நேற்று நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அதிகாரியும், ஒரு பெண் காவலரும், நானும் போனோம். மாமியார் உள்ளே விட்டார். நாற்காலி போட்டார். பொத்தானைக் கூப்பிட்டதும் வந்து சுவரோரமாக நின்றாள். மாமியார் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றார். அவரை வெளியே போகச் சொல்லுங்கள் என்றேன். "இருக்கட்டும், நாம என்ன ரகசியமா பேசப்போறோம்?" என்றார் அதிகாரி.

"என்ன வயசும்மா உனக்கு?"

"பதினெட்டு."

"உன்னைக் கட்டாயப்படுத்திக் கல்யாணம் பண்ணி வெச்சாங்களா?"

"இல்ல."

"படிச்சிட்டிருந்தியாமே?"

"எனக்குப் படிக்க விருப்பமில்ல, நின்னுட்டேன். டீச்சரே எழுதிக் கொடுத்திருக்காங்க. கேட்டுப் பாருங்க."

வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்கிற அதே குரல். ஒரு வார்த்தை திக்கவில்லை. அவளுடைய மாமியார் அலமாரியிலிருந்து அந்தச் சீட்டின் நகலை எடுத்து நீட்டினார். உங்கள் அப்பா நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா. ஆனா நான் எழுதினது பொய்."

"அப்ப எழுதினது பொய்யா, இப்ப எழுதிக் கொடுத்திருக்கறது பொய்யா? ரெண்டும் உங்க கையெழுத்துதான். நான் எதைம்மா எடுத்துக்க?"

பொத்தானிடம் போய், மண்டியிடாத குறையாக, "என்னைப் பாரு" என்றேன். பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். முன்பின் தெரியாத ஒரு விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "தண்ணி குடிக்கறீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

அதிகாரி எழுதியதைப் பொத்தான் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். முழுவதும் படித்தாள்.

நீங்கள் நேரில் வந்து, மாமியார் இல்லாத இடத்தில் பேசினால் அவள் மனம் மாறலாம். உங்கள் பேச்சை அவள் கேட்பாள். எப்படியாவது விடுப்பு வாங்கிக்கொண்டு உடனே போங்கள். நான் உங்களோடு வரமாட்டேன், வந்தால் கெட்டுவிடும்.

டீச்சர்

*

ஆகஸ்ட் 5, திங்கள்

டீச்சருக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. உடனே விடுப்புக் கேட்டேன், தரவில்லை. நேற்றுத்தான் போக முடிந்தது.

மாடி வீடு பூட்டிக் கிடக்கிறது. நீங்களும் அதிகாரியும் வந்துபோன மூன்றாம் நாள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள் என்று மரக்கடைக்காரர் சொன்னார். அப்பாவிடம் கேட்டேன். அவருக்கும் சொல்லவில்லையாம். அக்கம்பக்கத்தில் கேட்டேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.