நார்க்கயிற்றுச் சாரம்

பாகான் டத்தோ
3.8.1976

அன்புத் தம்பி உடையப்பனுக்கு அக்கா மங்களம் எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். உன்னை நம்பி ஈப்போ பக்கம் வேலைக்கு வந்த உன் மச்சானும் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

நார்க்கயிறு இன்னும் ஒரு கட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறாய். முதலில் கிணற்றுக்கு என்றாய். அப்புறம் துணி காயப்போட என்றாய். ஏன்டா, ஜெலாப்பாங் ஊர்த் துணி முழுக்க நீங்கள் தங்குகிற கொங்சிக் கொட்டகையில்தான் காய்கிறதா? நான் திரிக்கிற கயிறு, கேட்டால் தரமாட்டேனா? எதற்கு என்று ஏன் மறைக்கிறாய்?

உன் மச்சானுக்கு எழுத வராது, நீதான் எழுதித் தர வேண்டும். அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுது.

உன் அக்கா,
மங்களம்

ஜெலாப்பாங்
12.8.1976

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைப் போலீசில் சேர்த்திருக்க வேண்டும்! சரி, சொல்லிவிடுகிறேன். கயிறு, கட்டிடத்துக்குச் சாரம் கட்டத்தான். பாக்காவ் மரக் கம்புகளைக் கம்பியால் கட்ட வேண்டும். முதலாளி தவுக்கே கம்பி வரும் வரும் என்கிறார், வந்தபாடில்லை. வேலை நின்றால், ஆட்களை மேய்க்கிற கெப்பாளா என்று என்னைத்தான் ஏசுவார். நம் ஆட்கள் எல்லாரும் தோட்டத்து ஆட்கள். நார்க்கயிற்றால் கல்யாணப் பந்தல் கட்டிப் பழகிய கை. எந்தப் பந்தலாவது விழுந்திருக்கிறதா? பாதுகாப்புத் தொப்பியும் எல்லாருக்கும் இருக்கிறது.

மச்சான் சொன்னது இது: "ஏ புள்ள, வெள்ளாட்ட வித்துப்புடாத. மழையில கட்டாத, சளி புடிக்கும்லா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அன்புத் தம்பி,
உடையப்பன்

பாகான் டத்தோ
20.8.1976

தம்பி,

பந்தலுக்கு மேலே எவனடா ஏறி நிற்கிறான்? சிமெண்டு வாளியோடு மனுஷன் நிற்கிற இடமும் வாழைமரம் கட்டுகிற இடமும் ஒன்றா? ஈரத்தில் முறுக்கிக் கட்டினால் இறுக்கமாகத்தான் இருக்கும். வெயிலில் காய்ந்ததும் தளர்ந்து போகும். இது உனக்குத் தெரியாதா?

அங்கே வேலை செய்துவிட்டுத் திரும்பிய பக்கத்து வீட்டுக் காளியம்மா புருஷன் வேறு கதை சொல்கிறார். தொப்பியெல்லாம் ஸ்டோரில் பூட்டிக் கிடக்கிறதாம். அதிகாரி வருகிற அன்றைக்குத்தான் தலைக்கு வருமாம். நீ எழுதுவதில் எதை நம்புவது?

இனி ஒரு முழம் கயிறு கிடையாது. கம்பி வரும்வரை அவரை மேலே ஏற்றாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

மங்களம் அக்கா

ஜெலாப்பாங்
2.9.1976

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. கம்பி வந்துவிட்டது. மச்சானுக்குக் கூடுதல் நேர வேலை, அதனால் கொஞ்ச நாள் ஊருக்கு வர முடியாது. நீயும் பிள்ளைகளை விட்டுவிட்டு இங்கே அலைய வேண்டாம்.

மச்சான் சொன்னது: "அன்புள்ள மனைவிக்கு, நான் இங்கு நலம். உன் நலத்தையும் பிள்ளைகள் நலத்தையும் அறிய ஆவல்."

உடையப்பன்

பாகான் டத்தோ
6.9.1976

உடையப்பா,

அன்புள்ள மனைவியா? பதினாலு வருஷமாக 'ஏ புள்ள' என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை அந்த மனுஷன். ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இது அவர் சொன்னதில்லை, நீ கட்டிய கதை.

வேறு எதுவும் எழுதாதே. உயிரோடு இருக்கிறாரா? அதை மட்டும் எழுது.

மங்களம்

ஜெலாப்பாங்
9.9.1976

அக்கா,

மச்சான் உயிரோடு இருக்கிறார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கம்பி வந்தது என்று எழுதியது பொய். மூன்றாம் மாடியில் கயிற்றுக் கட்டு நழுவிப் பலகை சாய்ந்தது. இடுப்பில் அடி. குணமானதும் சொல்லலாம் என்றிருந்தேன், நீ பயந்துவிடுவாய் என்று.

அக்கா, தொழிலாளர் அதிகாரி உன்னிடம் கேட்பார். மச்சானே வீட்டிலிருந்து கயிறு கொண்டுபோய், தானே கட்டிக்கொண்டார் என்று சொல்லிவிடு. நான் உன் கூடப் பிறந்தவன். என் வேலை போனால், எனக்குக் கீழே இருக்கிற இருபது பேர் பிழைப்பும் போகும்.

உடையப்பன்

ஈப்போ
25.9.1976

உடையப்பனுக்கு,

அவரைப் பார்த்தேன். காலைத் தொட்டேன், தொட்டது தெரியவில்லை என்றார். நான் அழுததைப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா? "தம்பிய ஒண்ணும் சொல்லாத புள்ள. பாவம், அவனுக்கு ரெண்டு பக்கமும் இடி." அவர் மனசு அது. எனக்கு அந்த மனசு இல்லை.

அதிகாரி கேட்டார். திரித்தது நான், கேட்டு வாங்கியது என் தம்பி, கட்டச் சொன்னதும் அவன்தான், கம்பி வாங்கித் தராதது தவுக்கே என்று சொன்னேன். காளியம்மா புருஷனும் வந்து தொப்பி விஷயத்தைச் சொன்னார். சாரத்தை அவிழ்க்கச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டார்கள். நேற்று நானும் வந்து எதிர்ப்பக்கம் நின்று அவிழ்ப்பதைப் பார்த்தேன். இருபது பேர் பிழைப்பு என்று எழுதினாயே, அந்த இருபது பேரும் கீழே, மண்ணில் நின்றுகொண்டிருந்தார்கள். ராத்திரி தங்கள் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நடப்பாரா என்று கேட்டால் டாக்டர் பொறுங்கள் என்கிறார். தீபாவளிக்கு வருகிறேன் என்று காளியம்மாவிடம் சொல்லி அனுப்பினாயாம். வராதே. அவர் எழுந்து நடந்து வந்து, தன் கையால் கதவைத் திறந்து, "வாடா மாப்ள" என்று கூப்பிடட்டும். அன்றைக்கு வா.

மங்களம்